மூன்று சைக்கிளுக்கு ஒரு சீற்

எங்கள் வீட்டுக்குச் சைக்கிள் மூன்று. நான் உட்காரக்கூடிய சீற் ஒன்று. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நான் வேலை பார்த்த கந்தோரில் ஐந்து பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரு முத்திரைதான் இருந்தது. அது எந்த மேசையில் கிடக்கிறதோ அந்த மேசைதான் அன்றைக்கு அரசாங்கம்.

அது பழைய தோல் சீற். அடியில் இரண்டு தடித்த ஸ்பிறிங், விளிம்பில் செப்பு ஆணிகள். பாவனைக்கு உதவாதவை என்று கழித்த பொருட்களைக் கந்தோர் ஏலம் விட்டபோது, ஒரு பியோனின் துருப்பிடித்த சைக்கிளோடு எனக்கு வந்து சேர்ந்தது. கழிக்கலாம் என்று பரிந்துரைத்த மூவரில் நானும் ஒருவன் என்பதால் ஏலத்தில் நான் கலந்துகொள்ளக் கூடாது. ஆகவே என் மைத்துனர் கலந்துகொண்டார். விதிகளை முழுவதும் படித்தவனுக்கு அவை ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. சைக்கிள் பழைய இரும்புக்குப் போயிற்று. சீற் என்னிடம் தங்கியது.

கந்தோர்க் கதிரை என் நாரியின், அதாவது இடுப்பின், அடி எலும்பை என்ன செய்தது என்பதை இங்கே விபரிக்கப் போவதில்லை. இப்போது கடையில் விற்கிற சீற்றில் கால் மணி நேரம் இருந்தால் அன்று முழுவதும் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். பஞ்சு வைத்தது, நடுவில் பள்ளம் விட்டது, அகலமானது, ஒடுங்கியது என்று எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்து எல்லாவற்றையும் பிறருக்குக் கொடுத்தாயிற்று. அந்தத் தோல் சீற் மட்டும் என் உடம்பின் குறைபாடுகளை ஒன்று விடாமல் தன்னில் பதிந்து வைத்திருந்தது.

மூன்று சைக்கிளில் ஒன்று, பார் வைத்த என்னுடைய பெரிய சைக்கிள். முழங்கால் ஒத்துழைக்கும் நாட்களில் அதில் போவேன். ஒத்துழைக்காத நாட்களில் மனைவியின் லேடீஸ் சைக்கிள். அதில் காலைத் தூக்கிப் போடத் தேவையில்லை. மூன்றாவது, யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கூட்டாளியின் கடைப் பின்வளவில் நிற்கிறது. சுன்னாகத்தில் பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்கி, அதில் ஏறி, ஓய்வுபெற்ற பிறகும் ஊரவரின் அலுவல்களுக்காகக் கந்தோர் கந்தோராகத் திரிவேன். அந்தச் சைக்கிளில் சீற் இல்லை, வெறும் குழாய்தான். சீற் இல்லாத சைக்கிளைக் கள்ளன்கூட ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

ஆகவே என்னோடு சேர்ந்து சீற்றும் பயணம் செய்தது. துணிப்பைக்குள் சீற், அதற்குப் பக்கத்தில் ஸ்பனர். வீட்டில் இருந்தது அந்த ஒரு ஸ்பனர்தான்.

மாற்றுவது பெரிய வேலையல்ல. சீற்றின் அடியில் ஒரு கிளிப் இருக்கும். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு நட்டு. சைக்கிள் குழாயின் தலையில் கிளிப்பைச் செருகி, மூக்கு நேரே நிற்கிறதா என்று பார்த்து, இரண்டு நட்டையும் மாறி மாறி இறுக்க வேண்டும். இதில் உள்ள ஆபத்து என்னவென்றால், வெறும் கையால் திருகிவிட்டாலே சீற் உறுதியாக நிற்பதுபோல் இருக்கும். ஆள் ஏறி ஓடி, எங்காவது ஒரு பள்ளத்தில் குலுங்கும்போதுதான் மூக்கு மேலே கிளம்பும். சீற்றில் இருப்பவர் பின்னால் போவார்.

இதற்காக ஒரு பதிவுப் புத்தகம் வைத்திருந்தேன். திகதி, கழற்றிய சைக்கிள், பூட்டிய சைக்கிள், இறுக்கியது ஆம் அல்லது இல்லை, சுருக்கொப்பம். மனைவி அதை ஒருமுறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாகப் படித்தாள்.

"எல்லாம் சரி. சீற்றுக்கு இடமாற்றக் கடிதம் குடுக்கேல்லையோ?"

"உமக்குப் பகிடி. நாளைக்கு ஏதும் நடந்தா இதைத்தான் பாக்க வேணும்."

"நடந்தாப்பிறகு பாத்து?"

அவள் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருப்பாள். நான் புத்தகத்தை வாங்கி மூடினேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சுருக்கொப்பத்தை நான் வேலை முடிந்தபின் வைப்பதில்லை, தொடங்குமுன் வைத்துவிடுவேன். வேலை முடிந்தால் கையெல்லாம் கிறீஸ், புத்தகம் கறுத்துப் போகும். கை சுத்தமாக இருக்கும்போதே வரி முழுவதையும் நிரப்பி, 'ஆம்' என்று எழுதி ஒப்பமும் வைத்துவிட்டு, பிறகு ஸ்பனரைத் தூக்குவேன். கந்தோரிலும் நாங்கள் அப்படித்தான் செய்தோம். வெளிக்களப் பரிசோதனைக்குப் போகுமுன்பே அறிக்கையில் ஒப்பம் விழுந்துவிடும். போய் வந்தால் களைப்பாக இருக்கும்.

மனைவியின் இடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையே அதைப் பற்றியது. இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பில் வெடிப்பு. மூன்று மாதம் படுக்கை. கடைசியாகப் பார்த்த அன்று வைத்தியர் அவளிடம் சிரித்துப் பேசிவிட்டு, என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். இன்னொரு முறை அந்தப் பக்கமாக விழுந்தால் எழும்பி நடப்பதை எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அதை அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று நான் முடிவெடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதற் கேள்வி, வைத்தியர் வெளியே என்ன சொன்னார் என்பதுதான், நானும் சொல்லிவிட்டேன்.

நடக்கும்போது அவளுக்கு இடது கால் இழுக்கும். சைக்கிளில் ஏறிவிட்டால் இழுப்பு ஒருவருக்கும் தெரியாது. ஏறுவதும் இறங்குவதும்தான் கஷ்டம், மிதிப்பது சுகம். ஆகவே ஒரு வருடத்துக்குள் மறுபடி சைக்கிள் ஓடத் தொடங்கினாள். செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்குச் சந்தை. எங்கள் வீட்டுக்கும் சந்தைக்கும் நடுவே ஒரு ரயில் கடவை உண்டு. அவள் திரும்பி வரும்வரை நான் முற்றத்தில் ஏதாவது செய்துகொண்டிருப்பேன். என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல முடியாது.

அன்று செவ்வாய்க்கிழமை. முதல்நாள் என் முழங்கால் சரியில்லை. அவளுடைய சைக்கிளில் என் சீற்றைப் பூட்டி வாசிகசாலைக்குப் போய் வந்திருந்தேன். காலையில் எனக்கு யாழ்ப்பாணத்தில் அலுவல் இருந்தது. இரண்டு மாதமாகப் பதில் வராத ஒரு கடிதத்தை நேரில் போய் விசாரிக்க வேண்டும். ஆகவே அவளுடைய சைக்கிளிலிருந்து என் சீற்றைக் கழற்றிப் பையில் வைத்து, அவளுடைய சீற்றைப் பூட்ட வேண்டும். புத்தகத்தில் வரியை நிரப்பினேன். ஒப்பம் வைத்தேன். என் சீற்றைக் கழற்றினேன். அவளுடையதைக் குழாயில் செருகிக் கையால் திருகிக்கொண்டிருந்தபோது படலை திறந்தது.

"ஐயா நிக்கிறாரோ?"

எங்கள் வீட்டுக்குப் பின்காணியில் வெங்காயம் பயிரிடுகிறவர். கையில் ஒரு பழைய உறையோடு வந்திருந்தார்.

"காணி உறுதி துலைஞ்சு போச்சு ஐயா. காணிக் கந்தோரிலை போய்க் கேட்டா, நம்பரைக் கொண்டு வா எண்டுகினம்."

"நம்பர் தெரிஞ்சா நீர் ஏன் அவையளிட்டைப் போறீர்?"

"அதைத்தான் நானும் கேட்டனான். அதுக்கு அந்தப் பிள்ளை, சத்தம் போடாதையுங்கோ எண்டுது."

சொத்துக் காணாமற்போனவனைவிட உறுதி காணாமற்போனவனுக்குத்தான் வழிகாட்டி வேண்டும். உறையில் இருந்த கடதாசிகள் நைந்து போயிருந்தன. கிறீஸ் கையால் தொட முடியாது. கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையை வடிவாகக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எந்தப் பதிவேட்டில் தேட வேண்டும், எந்தப் படிவம், எந்த யன்னல், எந்தக் கிழமை போனால் எந்த உத்தியோகத்தர் லீவில் நிற்பார், எல்லாம் சொன்னேன். அரை மணி நேரம். அவர் போகும்போது கும்பிட்டார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஸ்பனரைப் பைக்குள் போட்டேன். புத்தகம் விறாந்தை மேசையில் திறந்தபடி கிடந்தது. பார்த்தேன்: 'ஆம்', என் ஒப்பம். மூடி வைத்துவிட்டு இறங்கினேன்.

பஸ் கொக்குவிலைத் தாண்டும்போது மூக்கைச் சொறிந்தேன். விரலில் சவர்க்கார வாசம்.

சீற் மாற்றிய நாளில் என் கையில் மத்தியானம்வரை கிறீஸ் மணக்கும். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடு நிற்கும். அன்று இருந்தது ஓய்வூதியக்காரனின் சுத்தமான கை. கழுவியது நினைவிருக்கிறது. கழுவியபிறகு நட்டைத் தொட்டது நினைவில்லை. பைக்குள் கையை விட்டு ஸ்பனரைத் தடவிப் பார்த்தேன், அது ஏதோ சாட்சி சொல்லும் என்பதுபோல.

இறுக்கியிருப்பேன். புத்தகத்தில் இருக்கிறது. என் கையெழுத்து. என் கையெழுத்து என்பதால்தான் அதை நான் நம்பவில்லை.

மணி ஒன்பதுக்குப் பத்து. வீட்டிலிருந்து புறப்பட அவளுக்கு இன்னும் பத்து நிமிடம். கைத்தொலைபேசியை எடுத்து அழைத்தேன். முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தேன். அவளுடைய போன் அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே இருக்கும், துலைந்துபோகாமல் இருப்பதற்காக. அயலவர் யாருக்காவது சொல்லலாம் என்று பெயர்களைத் தேடினேன். மூன்று மாவட்டத்துக் கந்தோர் இலக்கங்கள் இருந்தன. அடுத்த வீட்டு இலக்கம் இல்லை.

"இறக்கம்! இறக்கம்!"

"இஞ்சை ஹோல்ட் இல்லை ஐயா," என்றான் கொண்டக்டர்.

"ஹோல்ட் எங்கையெண்டு எனக்குத் தெரியும். நிப்பாட்டும்!"

வாழ்நாளில் முதன்முறையாகத் தரிப்பில்லாத இடத்தில் பஸ்ஸால் இறங்கினேன். ஓட்டோ ஒன்று கிடைப்பதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. அந்த ஐந்து நிமிடத்தில் அவள் கூடையை எடுத்தாள், கதவைப் பூட்டினாள், திறப்பை வழக்கமான இடத்தில் வைத்தாள். ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சுன்னாகம். கெதியாப் போ தம்பி."

ஓட்டோக்காரன் கண்ணாடியில் என் மடியைப் பார்த்தான். பையின் வாய் திறந்து சீற் வெளியே தெரிந்தது.

"ஐயா, சீற் மட்டும் கிடக்கு. மிச்சத்தைக் கள்ளன் கொண்டு போட்டானோ?"

"றோட்டைப் பாத்து ஓடும்."

"இல்லை, வழமையா அவங்கள் சீற்றைத்தான் கழட்டுவாங்கள். மிச்சத்தைக் கொண்டு போனவன் புதுக் கள்ளன் போலை."

பையின் வாயை இழுத்து மூடினேன். அவன் கண்ணாடியில் இன்னொருதரம் பார்த்தான். முகத்தில் என்ன கண்டானோ தெரியாது. பிறகு வேகமாக ஓட்டினான். இணுவிலில் ஒரு லொறி குறுக்கே நின்றது. மருதனார்மடத்தில் பள்ளிக்கூட வான். எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தேன். வீட்டிலிருந்து கடவைக்கு அவளுடைய வேகத்தில் ஏழு நிமிடம். அதுவரை றோட்டு நல்ல றோட்டு, குலுங்காது. கடவையில் தண்டவாளத்துக்கு நடுவே போட்ட பலகைகள் ஒரு பக்கம் கிளம்பி நிற்கின்றன. அவள் அதில் இறங்கி உருட்ட மாட்டாள். இறங்கினால் மறுபடி ஏற ஒரு மதகோ கல்லோ தேட வேண்டும்.

சந்தையைச் சுற்றிக்கொண்டு கடவைக்கு வந்தபோது கேற் பூட்டியிருந்தது. அந்தப் பக்கம், கேற்காரரின் சின்னக் கொட்டிலுக்கு முன்னால், ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்றார்கள். வட்டத்துக்கு வெளியே வேலியோடு சாத்தியபடி ஒரு லேடீஸ் சைக்கிள். கூடை நெளிந்திருந்தது. ஓட்டோவால் இறங்கி ஓடினேன். கேற்றில் கை வைத்ததும் ரயில் வந்துவிட்டது.

அவ்வளவு நீளமான ரயில் எங்கள் பக்கத்தில் ஓடுவதில்லை. ஆனால் அன்று ஓடியது. பெட்டிகளுக்கு இடையில் தெரிந்த துண்டு துண்டான வெளிச்சத்தில் ஒரு சேலைக் கரையைத் தேடினேன். என்ன சேலை உடுத்தியிருந்தாள் என்பதே நினைவுக்கு வரவில்லை.

கேற் திறந்ததும் போய்ப் பார்த்தேன். கேற்காரரின் கதிரையில் அவள் இருந்தாள். யாரோ கொடுத்த சோடா போத்தல் வலது கையில். இடது கை மடியில், மணிக்கட்டு ஏற்கனவே வீங்கியிருந்தது. என்னைக் கண்டு கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

அந்த இடத்தில் நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். அவளைத் தாண்டிப் போனேன். வேலியோடு நின்ற சைக்கிளின் சீற்றை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். மேலே, கீழே, இடம், வலம். அசையவில்லை. கல்லுப்போல இறுகியிருந்தது.

இறுக்கியிருக்கிறேன். என் நினைவுதான் பிழை, புத்தகம் சரி. அந்த நேரத்தில் எனக்கு வந்தது சந்தோசம் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் திரும்பி அவளிடம் போனேன்.

"நாரி அடிபட்டதோ?"

"படேல்லை. கைதான்."

"நிச்சயமோ?"

"விழுந்தது நான்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள்.

"உந்தப் பலகையாலை தான் ஐயா. போன கிழமையும் ஒரு மனிசன் விழுந்தது."

"எத்தினை தரம் சொல்லியாச்சு, வந்து பாக்கிறாங்களில்லை."

"ஐயாட்டைச் சொல்லுங்கோ, ஐயா ஒரு பெட்டிசம் எழுதினா ஓடி வருவாங்கள்."

"எழுதுறன்," என்றேன். "எழுதுற மாதிரி எழுதுறன். நீங்கள் எல்லாரும் கையெழுத்து வைக்க வேணும்."

கேற்காரர் மட்டும் தள்ளிப் போய்க் கேற்றின் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

அதே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுவதும் அவள் கையைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எக்ஸ்றே எடுக்கிற இடத்தில் ஒரு மணி நேரம் இருக்க வேண்டியிருந்தது. கைக்கு மட்டும் போதும் என்றார்கள். இடுப்புக்கும் எடுக்க வேண்டும் என்று நான் நின்றுகொண்டேன். பழைய வெடிப்பு, பழைய அறிக்கை, வைத்தியரின் கடிதம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் எடுத்தார்கள். வைத்தியர் இளவயதுக்காரர், படத்தை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். அவர் பார்த்த நேரத்தில் நான் கும்பிடாத தெய்வமில்லை, அவற்றில் சிலவற்றை ஐம்பது வருடமாகக் கும்பிட்டதில்லை.

"நாரியிலை புதுசா ஒண்டும் தெரியேல்லை," என்றார். "கையிலை சவ்வு பிசகியிருக்கு. மூண்டு கிழமை கட்டோடை இருக்கட்டும். ஆனா மெல்லிய வெடிப்பு எண்டா உடனை படத்திலை விழாது. நடக்கேக்கை நோ கூடினா உடனை கொண்டு வாங்கோ."

இந்தக் கடைசி வசனத்தோடு வீட்டுக்கு வந்தோம். அடுத்த ஒரு கிழமை அவளுடைய நடையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குசினியிலிருந்து விறாந்தைக்கு வரும் சத்தம்: ஒரு கால் பதியும், மற்றது இழுபடும். நேற்றையைவிடக் கூடுதலாக இழுபடுகிறதா? அவள் எழும்பும்போது கதிரையின் கையைப் பிடிக்கிறாளா? பிடித்தால் அது நோவா, பழக்கமா?

"நோகுதோ?"

"இல்லை."

"உண்மையாய்?"

"நீங்கள் கேக்கிறதுதான் நோகுது."

சைக்கிள் சுவரோடு நின்றது. அதை அவள் பார்க்கவில்லை. மருந்துக்குப் போக ஓட்டோ பிடித்தோம். சந்தைக்கு நான் போனேன். முற்றிய கத்தரிக்காய் வாங்கி வந்தேன். அவள் குறை சொல்லாமல் அதை எப்படிச் சமைப்பது என்று சொல்லித் தந்தாள். முன்பென்றால் ஒரு பாட்டம் பேச்சு விழுந்திருக்கும். இனி அவள் சைக்கிள் ஏற மாட்டாளோ என்ற எண்ணம் அந்தக் கத்தரிக்காயோடுதான் எனக்கு வந்தது.

இந்தப் பயத்தை எல்லாம் பெட்டிசத்தில் போட்டேன். மூன்று பக்கம். கடவைக்குப் பொறுப்பான திணைக்களத்துக்கு மூலப்பிரதி; பிரதிகள் ஐந்து கந்தோருக்கு. பலகைகளின் நிலை, பாவிப்போரின் தொகை, மாணவர், முதியோர். மூன்றாம் பந்தியில் என் மனைவியின் விபத்து: 'பலகைகள் கிளம்பி நின்றமையே இவ்விபத்துக்கு நேரடியானதும் முழுமையானதுமான காரணமாகும்.' நல்ல வசனம். எழுதிவிட்டு உரக்க வாசித்தேன். அவள் விறாந்தையில் கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

"எப்பிடி?"

"தமிழ் வடிவா இருக்கு."

இடையிடையே அந்தச் சவர்க்கார வாசம் நினைவுக்கு வரும். அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தேன்: உறுதிக்காரர் போனபிறகு இறுக்கியிருக்கிறேன், நட்டில் அன்று கிறீஸ் குறைவு. சீற் அசையவில்லையே. என் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேனே.

விபத்துக்குப் பிந்திய இரண்டாவது ஞாயிறு பின்னேரம் கேற்காரர் வந்தார். கண்ணால் கண்ட சாட்சி என்ற இடத்தில் அவருடைய ஒப்பம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கதிரையில் இருக்கச் சொன்னேன், நுனியில் இருந்தார். பேனையைக் கொடுத்தேன், வாங்கினார். மூன்றாம் பந்தியை விரலால் தொட்டுத் தொட்டு மெல்ல வாசித்தார். பேனையை மேசையில் வைத்தார்.

"ஐயா கோவிக்கக் கூடாது. எனக்கு உதிலை வைக்கேலாது."

"ஏன், திணைக்களத்துக்குப் பயமோ? ஒண்டும் செய்யேலாது. நான் பாத்துக்கொள்ளுவன்."

"பயம் இல்லை. பலகை கிளம்பினது உண்மை, அதுக்கு எத்தினை கையெழுத்தும் வைப்பன். அம்மா விழுந்தது உதாலை இல்லை." அவர் உள்ளே பார்த்தார், அவள் கதவடியில் வந்து நின்றாள். "சீற் கழண்டு மூக்கு மேலை நிண்டது. அம்மாவைக் கதிரையிலை இருத்தினவுடனை, முதல் அந்தச் சீற்றை இறுக்கும் எண்டவ. நான்தான் கொட்டிலிலை கிடந்த ஸ்பனராலை இறுக்கினனான். ரயில் வாறதுக்குள்ளை முடிச்சிட்டன். பேந்துதான் ஐயா வந்தனீங்கள்."

அவர் எழும்பினார்.

"பலகைக்கு வேறை ஒண்டு எழுதுங்கோ ஐயா. அதுக்கு வைக்கிறன்."

படலைவரை போய் வழியனுப்பினேன். அது ஒரு நடைமுறை, கால் தானாகப் போயிற்று. திரும்பி வந்தபோது அவள் என் கதிரையில் இருந்தாள். மூன்று பக்கமும் அவளுக்கு முன்னால் மேசையில் கிடந்தன.

"உமக்குத் தெரியும்," என்றேன்.

"ஓம்."

"அப்ப ஏன் சொல்லேல்லை? ஒரு கிழமையா எழுதிறன், வாசிச்சுக் காட்டுறன்..."

"நீங்கள் கேக்கேல்லை."

"என்னத்தை?"

"நாரி அடிபட்டதோ எண்டு கேட்டனீங்கள். நோகுதோ எண்டு நூறு தரம் கேட்டனீங்கள். எப்பிடி விழுந்தனீர் எண்டு ஒருக்கால்தன்னும் கேக்கேல்லை." அவள் குரலை உயர்த்தவில்லை. "அதைச் சீற்றிட்டைத்தானே கேட்டனீங்கள். நான் பாத்துக்கொண்டிருந்தனான்."

நான் உட்கார இடமில்லாமல் நின்றேன். இன்னொரு கதிரை பக்கத்திலேயே இருந்தது.

"சரி," என்றேன். "சொல்லும். எப்பிடி விழுந்தனீர்?"

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்தாள்.

"மதகு தாண்டினாப்பிறகு ஒருக்கால் ஆடினது. இறங்கிப் பாப்பம் எண்டு நினைச்சன். இறங்கினா ஏறேலாது, சந்தை முடிஞ்சிடும். கேற்றடிக்குக் கிட்ட வர மணி அடிக்கத் தொடங்கீற்றுது. அவர் கேற்றைப் பூட்ட வாறார், நான் கையைக் காட்டிப்போட்டுக் கெதியா உழக்கினன். முதல் தண்டவாளம் சரி. ரெண்டாவதிலை எனக்குக் கீழை சீற் இல்லை. நாரியைக் குடுக்கக் கூடாது எண்டு கையைக் குடுத்தன். அது நான் யோசிச்சுச் செய்தது, தற்செயல் இல்லை. ஆனா பேந்து எழும்ப ஏலாமல் போச்சு. கால் வரேல்லை. தண்டவாளம் கையுக்குக் கீழை அதிருது. அவர் ஓடி வந்து ரெண்டு கக்கத்துக்குள்ளையும் கையைக் குடுத்து இழுத்தவர்."

மேசையில் கிடந்த பெட்டிசத்தைத் தள்ளி வைத்தாள்.

"ரயில் வர இன்னும் நேரம் கிடந்தது எண்டு அவர் சொல்லுறார். எனக்கு அப்பிடித் தெரியேல்லை."